ஆரஞ்சு நூல் கட்டிய பை

அத்தியாயம் 17

நேற்றுச் சாயங்காலம் ஆற்றின் குறுக்கே கட்டிய மூங்கில் தடுப்பில் சிக்கியிருந்த அந்தப் பையைப் பார்த்ததிலிருந்து நிங்ருமுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளைப் பிளாஸ்டிக் பை. இலை தழையோடும் ஊதிப்போன ஒரு கோழியோடும் சேர்ந்து ஆற்று நுரையில் ஆடிக்கொண்டிருந்தது. பையின் வாயில் ஆரஞ்சு நூல் மூன்று சுற்றுச் சுற்றி, மேலே ஒரு பூ முடிச்சு. அந்த முடிச்சைப் போட்டது அவளுடைய கைதான்.

குழந்தை தீர்த்தாவின் டயப்பர்களை அவள் தினமும் அப்படித்தான் கட்டிவைப்பாள். ஒவ்வொன்றையும் கணவனின் அறை மூலையில் குவிந்து கிடக்கும் பழைய தாள்களில் சுருட்டுவாள். பையில் போட்டு, தொப்பி பின்னியதில் மிச்சமான நூலால் எறும்பு புகாதபடி இறுக்குவாள். காலையில் கணவன் அதைத் தன் மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போவான். அங்கே டயப்பருக்கென்றே ஒரு குழி இருக்கிறது என்று சொல்லியிருந்தான்.

கணவன் ஹர்தந்தோ சுற்றுச்சூழல் பாடம் நடத்தும் விரிவுரையாளர். ஊரோரம் ஓடும் பிரந்தாஸ் ஆற்றில் மக்கள் ஏன் டயப்பரைக் கொட்டுகிறார்கள் என்பதைப் பற்றி நானூறு பக்கம் எழுதி முனைவர் பட்டம் வாங்கியவன். பெற்ற பிள்ளைக்குப் புனித நீரின் பெயரைத் தேடி வைத்தவனும் அவன்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு நடந்த கூத்து வாசகர்களுக்கு நினைவிருக்கும். டயப்பர் பை ஒன்றை நிங்ரும் குப்பை வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டாள். அவர் எல்லாக் குப்பையையும் திடல் ஓரத்தில் போட்டுக் கொளுத்துகிறவர். மறுநாள் குழந்தையின் பின்புறம் செக்கச் செவேலென்று சிவந்துவிட்டது. மாமியார் வுர்யானியை ஊரே இபு, அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடும்; அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எரிச்சிட்டியா?"

குழந்தையின் டயப்பர் எரிந்தால் குழந்தையின் தோலும் வெந்துபோகும். ஆற்றில் விட்டால் குளிர்ச்சி. இந்தக் கரையில் பிறந்தவர்கள் தாய்ப்பாலோடு குடித்த நம்பிக்கை இது. ஹர்தந்தோ அன்றைக்கு அம்மாவை உட்காரவைத்து வியர்வை, ஈரம், பூஞ்சை என்று முக்கால் மணி நேரம் விளக்கினான். விளக்கி முடித்த மறுநாள் காலை, யாரும் சொல்லாமலே பையைத் தானே எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

குழி எங்கே இருக்கிறது என்று நிங்ரும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதில் அவளுக்கும் ஒரு சௌகரியம் இருந்தது. நேற்று அந்த முடிச்சைப் பார்த்தபோது அதுவும்தான் உறைத்தது.

*

இன்று ஞாயிற்றுக்கிழமை, ஆற்றுத் தூய்மை நாள். காலை ஏழு மணிக்குக் கரையில் வேலை, பத்து மணிக்குச் சமூகக் கூடத்தில் கூட்டம். மாவட்ட அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். ஆற்றுக் காப்புக் குழுவின் தலைவராக ஹர்தந்தோவின் பெயரை அவர் அறிவிக்கப்போகிறார் என்று தெருவுக்கே தெரியும்.

ஹர்தந்தோ புதுப் பச்சை மேல்சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். நிங்ரும் குழந்தையைத் தோள்துணியில் இட்டுக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

"அந்தக் குழி எங்க இருக்கு?" என்றாள்.

"எந்தக் குழி?"

"டயப்பர் போடற குழி. உங்க காலேஜ்ல."

கண்ணாடிக்குள் அவன் பார்வை ஒரு முறை அவளைத் தொட்டது. பிறகு தன் காலரைச் சரிபார்க்கப் போய்விட்டது.

குழி இருந்தது என்றான். தோண்டினார்கள், ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்து அறிக்கையில் போட்டார்கள். மழை வந்ததும் தண்ணீர் தேங்கிக் கொசு பிடித்தது, கல்லூரி நிர்வாகம் மண்ணைப் போட்டு மூடிவிட்டது. அப்படியானால் பை எங்கே போகிறது என்று அவள் கேட்டாள். பாலத்தைத் தாண்டும்போது, என்று ஆரம்பித்து அவன் நிறுத்திக்கொண்டான். மீதியைச் சொல்லத் தேவை இருக்கவில்லை.

"எரிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"நல்லாவே தெரியும். நூத்தி இருபது வீட்டுக்குப் போய் நானே சொல்லியிருக்கேன்." அவன் அவள் பக்கம் திரும்பி, வகுப்பில் தூக்குவதுபோல ஒரு விரலைத் தூக்கினான். "ஆனா நம்ம புள்ளைன்னு வரும்போது, ஒருவேளை ஆயிட்டா? அந்த ஒருவேளைக்கு ஆய்வுல இடம் கிடையாது, நிங்ரும். வீட்ல இருக்கு."

"அப்போ அந்த நூத்தி இருபது வீட்லயும் அதே ஒருவேளை இருந்திருக்கும்ல. அவங்களை மட்டும் அறியாத ஜனம்னு எழுதினீங்களே."

"இது நல்ல கேள்வி," என்றான், மாணவனிடம் சொல்வதுபோல.

வெட்கப்பட்டிருந்தால் அவள் மன்னித்திருப்பாள். பயந்துதான் போட்டேன் என்று தலையைக் குனிந்திருந்தால், அவளும் பயந்தவள்தானே, இருவரும் சேர்ந்து வேறு வழி பார்த்திருக்கலாம். அவனோ தன் பயத்துக்கும் ஒரு தத்துவம் வைத்திருந்தான். தலைவாரிக்கொண்டு, சட்டையில் அத்தர் தடவிக்கொண்டு, பேச்சுத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

*

கரையில் கூட்டம் சேர்ந்திருந்தது. 'பிளாஸ்டிக் இல்லாத ஆறு' என்று எழுதிய பிளாஸ்டிக் பதாகை இரண்டு தென்னைக்கு நடுவே பளபளத்தது. அதிகாரிக்குப் புது ரப்பர் பூட்ஸ் கொண்டுவந்திருந்தார்கள். அவர் அதைப் போட்டுக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் இறங்கி, யாரோ கையில் கொடுத்த குப்பையைத் தூக்கிக் காட்டினார். படம் எடுத்து முடித்ததும் ஏறி வந்து பூட்ஸைக் கழற்றிவிட்டார்.

எல்லோருக்கும் பலகாரப் பெட்டி கொடுத்தார்கள். ஒட்டரிசியில் கோழி வைத்துச் சுருட்டியது ஒன்று, ரிசோல் என்ற பொரித்த சுருள் ஒன்று, ஒரு பிளாஸ்டிக் குவளைத் தண்ணீர். ஆற்றைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் தண்ணீரை உறிஞ்சிவிட்டுக் குவளையைக் காலடியிலேயே போட்டார்கள். அதைச் சுட்டிக்காட்ட வேண்டிய முனைவர் அதிகாரிக்குப் பக்கத்தில் நின்று கண்ணை இடுக்கி அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இளைஞர்கள் கொக்கி போட்டுத் தடுப்பிலிருந்து பைகளை இழுத்தார்கள். சில பைகள் கரையில் விழுந்ததும் கிழிந்தன. அந்த நாற்றத்தை என்னவென்று சொல்வது. பால் புளித்த வாடையும் மலமும் சேறும் கலந்து தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. பெண்கள் முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

நிங்ரும் எண்ணினாள். ஆரஞ்சு நூல் கட்டியவை மட்டும் பதினொன்று.

பக்கத்தில் நின்ற மாமியாரும் பார்த்துவிட்டார். இபு வுர்யானி இந்தப் பேட்டையின் பெண்கள் குழுத் தலைவி. குடும்ப நலனுக்கென்று அரசு வகுத்த பத்து அம்சங்களை மாதாமாதம் எழுபது பெண்களைக் கோரஸாகச் சொல்லவைப்பவர். அவர் பார்வை பைகளிலிருந்து பேரனின் தலைக்கு வந்தது. தீர்த்தாவின் தலையில் அதே ஆரஞ்சு நூலில் பின்னிய தொப்பி இருந்தது. அவர் குழந்தையைக் கொஞ்சுவதுபோலக் குனிந்து, தொப்பியை உருவித் தன் கைப்பைக்குள் போட்டு மூடினார்.

"வேர்க்குது பாரு புள்ளைக்கு," என்றார் மருமகளிடம். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

இதெல்லாம் யார் வீட்டுப் பை என்று அதிகாரி கேட்டார். பேட்டைத் தலைவர் ஜும்ரி, எல்லோருக்கும் பாக் ஜும்ரி, அதாவது ஜும்ரி ஐயா, தயாராக இருந்தார். பாலத்தடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சுமார்னி, மூங்கில் கழியால் ஒரு பையை ஆற்றுக்குள் தள்ளுவதை ஒரு பையன் கைபேசியில் படம் எடுத்திருந்தான். ஆரஞ்சு முடிச்சு அதில் தெளிவாகத் தெரிந்தது.

சுமார்னியைக் கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து வயது, கணவன் கப்பலில் போனவன் போனவன்தான். அவித்த கீரை, கடலைச் சட்னி, டெம்பே என்ற சோயாக்கட்டி வறுவல் வைத்து விடியற்காலையில் அவள் விற்கும் பொட்டலச் சோறுதான் அவளுக்கும் மூன்று குழந்தைகளுக்கும் எல்லாம். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

பை மேலேயிருந்து விழுகிறது என்று சுமார்னி சொன்னாள். யாரோ வண்டியை நிறுத்தாமலே வீசுகிறார்கள், சில நாள் ஆற்றில் விழும், சில நாள் குறி தவறிக் கடை வாசலில் விழும். "பீப் பை முன்னாடி உக்காந்து எவன் சாப்பிடுவான்? கழியால தள்ளிவிட்டேன். அது தப்புதான். ஆனா அது என் பையில்ல. என் கடைசிப் புள்ளைக்குத் துணிதான் கட்றேன். கொடியில காயுது, அண்ணாந்து பாருங்க."

கொடி இருபதடி தூரத்தில் இருந்தது. அதில் ஏழெட்டு வெள்ளைத் துணிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

"சின்னக் குழந்தை இருக்கிற வீடு," என்று இபு வுர்யானி மிருதுவாகச் சொன்னார். "பாவம், வேலை நெருக்கடியில என்ன செய்வாங்க. நாமதான் எடுத்துச் சொல்லணும்."

மேலேயிருந்து வீசுவது யார் என்று தெரிந்த ஆள், பச்சை மேல்சட்டையோடு ஐந்தடி தள்ளி நின்று வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

*

கூடத்தில் எல்லாம் முறைப்படி நடந்தது. சலாம் சொல்லி, துஆ ஓதி, எழுந்து நின்று தேசத்தின் ஐந்து கொள்கைகளையும் ஒப்பித்தார்கள். ஐந்தாவது கொள்கை அனைவருக்கும் சமூக நீதி. அதையும் சொல்லிவிட்டு நாற்காலிகளை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள். சுமார்னிக்கு நாற்காலி இருக்கவில்லை. கதவோரம் தரையில் உட்கார்ந்தாள்.

மேடைக்கு முன்னால் ஒரு மேஜையில் வாழையிலை விரித்து, சாட்சிக்கென்று ஒரு பையை வைத்திருந்தார்கள். ஆரஞ்சு முடிச்சு மேலே பார்த்தபடி இருந்தது. அதிகாரி தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

இந்தப் பேட்டையில் எதையும் கை தூக்கி வாக்கெடுத்து முடிவு செய்ய மாட்டார்கள். கூடிப் பேசி, ஒருமனதாக முடிவெடுப்பதுதான் வழக்கம். கேட்க அழகாகத்தான் இருக்கும். என்ன முடிவு என்பதை முந்தின நாள் பாக் ஜும்ரி வீட்டில் காபி குடித்தபடி நாலு பேர் தீர்மானித்திருப்பார்கள். கூட்டத்தில் எதிர்த்துப் பேசுகிறவன் ஒற்றுமையைக் கெடுக்கிறவன் ஆகிவிடுவான், அதனால் யாரும் வாயைத் திறப்பதில்லை.

பாலத்தடிக் கடையை இன்றோடு எடுத்துவிட வேண்டும் என்பதுதான் முடிவு. பாக் ஜும்ரி அதைத் தேன் தடவிச் சொன்னார். தண்டனை என்று யாரும் நினைக்கக்கூடாதாம், கரையோரத்தை ஒழுங்குபடுத்துகிறார்களாம். அதற்கு முன்னால் அறிஞரின் கருத்தைக் கேட்டுவிடலாம் என்று ஹர்தந்தோவைப் பார்த்தார்.

ஹர்தந்தோ எழுந்தான். நிங்ரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதாவது சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினாள் என்பதையும் மறைப்பானேன். ஐந்து வருடம் கூட வாழ்ந்தவன், ராத்திரியில் குழந்தை அழுதால் முதலில் எழுந்து தூக்குகிறவன்.

தனிப்பட்ட யாரையும் குறை சொல்ல விரும்பவில்லை என்று அவன் ஆரம்பித்தான். விழிப்புணர்வு குறைந்த குடும்பங்களில் இத்தகைய போக்கு காணப்படுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. அறிவுக்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பதுதான் நம் தலைமுறையின் கடமை. அந்தப் பெண்ணுக்கு மாற்று இடம் தருவதைப் பற்றிப் பிற்காலத்தில் பரிசீலிக்கலாம்.

பிற்காலம் என்றால் இந்த ஊரில் என்ன அர்த்தம் என்று தரையில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சத்தம் வராமல்.

"அப்போ எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்றார் பாக் ஜும்ரி.

"சம்மதம்," என்றது கூடம், பாடம் ஒப்பிக்கும் குரலில்.

நிங்ரும் எழுந்து நின்றாள். மாமியார் அவள் பாவாடையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தது கூடத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

"அது எங்க வீட்டுப் பை," என்றாள். "முடிச்சு நான் போட்டது. பாலத்துலேர்ந்து வீசினது என் வீட்டுக்காரர்."

எழுபது பெண்களும் முன் வரிசையின் முதுகைப் பார்த்தார்கள். இந்த ஆரஞ்சு நூலில் பின்னிய தொப்பியைக் கொஞ்சாத பெண் அந்தக் கூடத்தில் ஒருத்தியும் கிடையாது. எல்லோருக்கும் அந்தக் கணத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததைத் தெரியாததாக ஆக்க ஏதாவது கிடைக்காதா என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அதைக் கொடுத்தது ஹர்தந்தோ. அவன் முகம் ஒரு நொடி வெளுத்தது உண்மை. அடுத்த நொடி கையைத் தட்டினான்.

"கவனிச்சீங்களா?" என்றான் கூடத்தைப் பார்த்து, குரல் தழுதழுக்க. "என் மனைவி சொன்னதோட ஆழத்தைக் கவனிச்சீங்களா? இது எங்க வீட்டுப் பைன்னு அவ சொல்றா. இந்த ஆத்துல மிதக்கிற ஒவ்வொரு பையும் நம்ம வீட்டுப் பைதான். நான் வீசினதுதான், நீங்க வீசினதுதான். பொறுப்பை ஏத்துக்கறதுன்னா இதுதான்."

அதிகாரி முதலில் கை தட்டினார். பிறகு கூடமே தட்டியது. அப்பாடா என்று தட்டியது. மாமியார் கண்ணோரத்தைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். இப்படி ஒரு மருமகள் கிடைக்க என்ன புண்ணியம் செய்தீர்கள் என்று பின் வரிசையில் யாரோ அவரைக் கேட்டதுகூட நிங்ருமுக்குக் காதில் விழுந்தது.

அவள் சொன்ன உண்மையை அவள் கண் முன்னாலேயே மென்று விழுங்கிவிட்டார்கள். காலையில் கரையில் வந்த நாற்றத்தைவிட இது மோசமாக இருந்தது. அதற்காவது மூக்கைப் பொத்திக்கொள்ளலாம்.

நிங்ரும் மேஜைக்குப் போனாள். குழந்தையை இடுப்புக்குத் தள்ளிக்கொண்டு, வலது கையால் முடிச்சின் ஒரு முனையை இழுத்தாள். அவள் போட்ட முடிச்சு, எந்த முனையை இழுத்தால் அவிழும் என்று அவளுக்குத்தான் தெரியும். பை வாய் திறந்ததும் முன் வரிசை நாற்காலிகள் கிறீச்சிட்டுப் பின்னால் நகர்ந்தன.

உள்ளே கையை விட்டாள். சொதசொதவென்று ஊறிப்போன ஒரு உருண்டையை எடுத்து, அதைச் சுற்றியிருந்த தாளை நிதானமாகப் பிரித்து வாழையிலை மேல் விரித்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் பிரித்தாள். லேசர் அச்சு. பழுப்பேறிக் கிடந்தாலும் ஒரு எழுத்தும் அழியவில்லை.

"யாராவது வாசிங்க," என்றாள்.

யாரும் வரவில்லை. ஹர்தந்தோ இரண்டடி எடுத்து வைத்தான், தாளின் தலைப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டான். கடைசியில் கதவோரத்திலிருந்து சுமார்னி எழுந்து வந்தாள். நாற்றம் அவளை ஒன்றும் செய்யவில்லை. இரண்டு மாதமாக அதோடுதான் சோறு விற்கிறாள். குனிந்து, ஒவ்வொரு சொல்லாகக் கூட்டி, உரக்க வாசித்தாள்.

"முனைவர் பட்ட ஆய்வேடு. ஹர்தந்தோ. பிரந்தாஸ் கரையோர மக்களும் டயப்பர்க் கழிவும். பக்கம் நாப்பத்தொண்ணு. தன் வீட்டுக் கழிவு தன் கண்ணை விட்டு மறைஞ்சதும் தன் பொறுப்பும் மறைஞ்சதா மக்கள் நினைக்கிறாங்க." அவள் நிமிர்ந்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க பாக். இது புரியுது."

இந்த முறை யாரும் கை தட்டவில்லை.

அதிகாரிக்குச் சட்டென்று வேறொரு விழா ஞாபகம் வந்தது. தலைவர் பதவி அறிவிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், ஜன்னலோரமாகவே நடந்து வெளியேறினார். பாக் ஜும்ரி தொண்டையைச் செருமினார். நடந்தது வருத்தத்துக்குரியது என்றார். ஆனால் கடை விஷயத்தில் ஒருமனதாக முடிவெடுத்தாகிவிட்டது, அதை மாற்ற இன்னொரு கூட்டம் கூடி இன்னொரு முறை ஒருமனதாக வேண்டும். அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்வோம், அதுவரை கடை மூடியிருக்கட்டும். சொல்லிவிட்டு எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார்.

கூடம் சாப்பிடப் போனது. நம்ப முடிகிறதா, போனது.

ஹர்தந்தோ நிங்ருமைக் கடந்து போகும்போது, வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று மெல்லச் சொன்னான். அவன் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. ஒரு மாணவி பரீட்சையில் ஏமாற்றிவிட்டதுபோல ஒரு வருத்தம்தான் இருந்தது.

*

அவன் வீட்டுக்கு வரவில்லை. மதியம் மூன்று மணிக்குக் குழந்தை சிணுங்கியது. நிங்ரும் டயப்பரை மாற்றினாள். நேற்றிலிருந்து சேர்ந்ததையும் இதையும் பையில் போட்டுக் கட்டினாள். கட்டி முடித்த பிறகுதான் கையில் பையோடு நிற்பது அவளுக்கு உறைத்தது.

எடுத்துக்கொண்டு போக ஆள் இல்லை. குழியும் இல்லை. ஆறு என்ற பேச்சுக்கே இனி இடமில்லை. மிச்சமிருந்தது திடலில் எரியும் நெருப்பு ஒன்றுதான்.

வாசலில் மாமியார் நின்றிருந்தார்.

"என் பையனோட மானத்தை வாங்கிட்ட. சரி, போகட்டும்," என்றார். "ஆனா அதை நெருப்புல மட்டும் போடாத, கண்ணு. கால்ல வேணாலும் விழறேன்."

நிஜமாகவே அவர் உதடு துடித்தது. காலையிலிருந்து அந்த வீட்டில் பொய் கலக்காமல் வந்த முதல் பேச்சு அதுதான். நிங்ரும் குழந்தையைத் தோள்துணியில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

திடலில் குப்பை புகைந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர் பாக் ங்காடி பையை வாங்கினார், உள்ளே என்ன என்று விரலால் அழுத்திப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். போடட்டுமா என்று இரண்டு முறை கேட்டார். இரண்டாவது முறைதான் அவளால் தலையசைக்க முடிந்தது. பிளாஸ்டிக் சுருங்கியது, ஆரஞ்சு நூல் பற்றிக்கொண்டது, கறுப்புப் புகை எழுந்து கண்ணைக் கரித்தது. இதுவும் சுத்தமான காரியமில்லைதான். அந்தப் புகையைப் பற்றியும் கணவன் இருபது பக்கம் எழுதியிருக்கிறான்.

திடலை ஒட்டித்தான் சுமார்னியின் வீடு. மூடிய கடையின் பாத்திரங்களை வாசலில் கவிழ்த்துவைத்துவிட்டு அவள் வேலியோரம் வந்து நின்றாள்.

"எரிச்சிட்டீங்களா?" என்றாள்.

"எரிச்சிட்டேன்."

"நான்கூட எரிக்க மாட்டேன். அந்தப் பயத்துலதான் துணி கட்றேன். மூணு புள்ளைக்கும் அப்படித்தான்." அவள் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். "அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு வருவீங்களா, இபு? உங்களை விட்டா அங்க எனக்காக வாயைத் திறக்க நாதி இல்ல."

"வருவேன்," என்றாள் நிங்ரும். "கட்டாயம் வருவேன்."

"நாளைக்குப் புள்ளைக்கு உடம்பு செவந்தாலும்?"

அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது, அது வெறும் வியர்வை, ஈரம், பூஞ்சை. சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் அவள் கை தோள்துணிக்குள் போய், குழந்தையின் தொடையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

தோல் சூடாக இருந்தது. நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கிறோம், அதனால்தான் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். சுமார்னி வேலிக்கு அந்தப் பக்கம் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள். நிங்ரும் கையை எடுக்கவில்லை.